கறிக்கட்டையில் கடைந்த புஷ்

காலை ஏழு இருபதுக்கு உன் போன் அடித்தது. நீ போன பிறகும் அதைச் சார்ஜ் போட்டு லேத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கூப்பிட்டவர் மன்னவனூர் ராசு அண்ணன். கேரட் சீசன் முடிந்து நாம் செய்து கொடுத்த சல்லடை மெஷினைக் கழற்றுகிற அன்று உன் நம்பருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நீ அவரிடம் கேட்டிருந்தாய். நீ இல்லை என்று தெரிந்தும் அவர் அதை மாற்றவில்லை.

"தம்பி, கழட்டிட்டேன். கம்பியில நகத்த வச்சு இழுத்துப் பாத்தேன். ஒரு கோடு கெடையாது." பிறகு, "தங்கச்சிகிட்ட சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார்.

சொல்கிறேன்.

அந்தச் சல்லடை மெஷின்தான் நம் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை. கழுவிய கேரட்டைப் பெரிது சிறிதாகப் பிரிக்க, சல்லடை இரண்டு கம்பிகளில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சல்லடை கம்பியில் வழுக்கி ஓட நான் மாட்டிய வெண்கலக் குழல் வளையம், அந்த புஷ், முதல் சீசனில் பாதிகூடத் தாங்கவில்லை. எண்ணெயைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போனது. கிரீஸ் வைத்தால் அதில் சேறு ஒட்டி, கம்பியையே அரைத்தது. அடுத்த சீசனிலும் நின்றால் காயலான் கடைக்குத்தான் என்று ராசு அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மேல்மலை ஊர்களில் நம்மை யார் நம்புவார்கள்?

எண்ணெய் ஊறிய புஷ் போடலாம் என்றேன். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைத்தான் இருவரும் படித்தோம். ஆனால் யோசித்தவள் நீ.

"அது தண்டு சுத்துனாத்தாங்க எண்ணெய இழுத்துக் குடுக்கும். இது போய் நின்னு, வந்து நிக்குது. நிக்கிற எடமெல்லாம் காஞ்சுதான கெடக்கும்?"

நைலான் என்றேன். அது தண்ணீர் குடித்து ஊதும், கம்பியைக் கவ்விக்கொள்ளும் என்றாய். மறுநாள் பஜாருக்குப் போய், கறிக்கடைகளில் வெட்டுவதற்குப் போடுகிற தடித்த வெள்ளை பிளாஸ்டிக் கட்டையை வாங்கிவந்தாய். வீட்டில் கெடா வெட்டா என்று கடைக்கார பாய் கேட்டாராம். மெஷினுக்கு என்றதும், கறி சாப்பிடுகிற மெஷினை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றாராம். சிரித்துக்கொண்டே அதை லேத்தில் கடைந்தாய். உள்ளே நீளவாக்கில் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டினாய். சேறு அதன் வழியாக வெளியேறும், தண்ணீரே எண்ணெயாக இருக்கும், வேறு ஒரு சொட்டும் வேண்டாம் என்றாய்.

மாட்டிய ஒரு வாரத்தில் கரகரவென்று சத்தம். ஓடிப்போய்க் கழற்றினால் புஷ்ஷுக்குள் சாம்பல். ராசு அண்ணன் வீட்டு அக்கா தினமும் வெள்ளனே சுவிட்சைப் போடுமுன், கம்பி இரண்டிலும் பழனி விபூதியை மூன்று பட்டையாகப் பூசியிருக்கிறார். நான் கத்தியிருப்பேன். நீ என் கையை அழுத்தினாய். கம்பியைத் திரும்பப் பாலிஷ் போட்டு, புது புஷ் மாட்டி, சட்டத்தின் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வெல்டு வைத்தாய்.

"அக்கா, சாமிக்கு இங்க எடம் போட்டிருக்கேன். கம்பி மேல ஏத்திவிட்டா, பாவம், நாள் பூரா அவரும்ல போய்ப்போய் வரணும்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் பூவும் பொட்டும் அந்தத் தகட்டில்தான்.

சீசன் நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "எண்ணெ மட்டும் போட விட்றாதீங்க." நான் தலையாட்டினேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உன் அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஆனால் இன்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் மேல்மலையிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டு, அதே மாதிரி மெஷின் வேண்டும், அந்தக் கறிக்கட்டை புஷ்ஷோடு வேண்டும் என்றார்கள். யார் யோசனை என்று ஒருவர் கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றேன். பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மிச்சமிருந்த கட்டையில் அடுத்த ஜோடியைக் கடைந்துவிட்டேன். வாய்க்காலும் வெட்டியாயிற்று. கம்பியை நுழைத்துப் பார்க்கும்போது பழக்கத்தில் கை எண்ணெய்க் குப்பிக்குப் போனது. எடுக்கவில்லை.

உன் போனை மறுபடி சார்ஜில் போட்டிருக்கிறேன். மெஷின் வேண்டும் என்பவர்கள் இனி உன் நம்பருக்கே கூப்பிடட்டும் என்று என்னுடையதை அணைத்துவிட்டேன்.