உன் பெயரைச் சொல்லி நான் வாங்கியது

நண்பா,

நேற்றுக் காலை கடை முழுக்க ஏலக்காய் வாசனை. வண்டன்மேட்டு ஏலத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியில் ஒரு விவசாயி வந்திருந்தார். வருமானச் சான்றிதழுக்கு மலையாளத்தில் மனு எழுத வேண்டும் என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேசையோரம் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான். எதிர்த்தாப்புல ஆபீஸ்ல இருக்கறவருக்குத் தனியா வெச்சிருக்கேன். நீங்களே குடுத்துருங்க."

பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்து, ஆபீஸில் யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நம்பினாரோ என்னவோ. அவர் போன பிறகும் வாசனை போகவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

நாம் இருவரும் ஒரே தேயிலை எஸ்டேட், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒரே லயம், அடுத்தடுத்த வீடு. நம் அம்மாக்கள் ஒரே மலையில் கொழுந்து கிள்ளினார்கள். நீ பரீட்சை எழுதி வில்லேஜ் ஆபீஸில் வேலைக்குப் போனாய். நான் அதே ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டேன். கேரளத்து ஆபீஸில் எல்லாம் மலையாளம்; லயத்து ஆட்களுக்கோ அது எழுதப் படிக்க வராது. என்னிடம் வந்து எழுதி வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து உன்னிடம் வருவார்கள்.

சாதிச் சான்றிதழ்தான் அவர்களுக்குப் பெரிய பாடு. தாத்தா காலத்திலேயே இந்த மலைக்கு வந்துவிட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். யாரிடம் இருக்கிறது சான்று? நீ எஸ்டேட் ஆபீஸுக்கே போய், கரையான் அரித்த பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டி, கூலிக்கு வந்தவர்களின் பெயர் வரிசையில் அவர்களுடைய தாத்தாவைத் தேடிக் கண்டுபிடிப்பாய். தூசியில் தும்மிக்கொண்டே வருவாய். பெயர் கிடைத்த அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தத் தாத்தாவையே கண்டுபிடித்தவன் போல இருப்பாய்.

நீ சும்மா செய்த அந்த வேலைக்குத்தான் நான் எதிர்க் கடையில் உட்கார்ந்து பணம் வாங்கினேன். "உள்ள கொஞ்சம் கவனிக்கணும்" என்று ஒரு வார்த்தை போதும். ஏன் எதற்கென்று யாரும் கேட்டதில்லை. இரண்டு வருடம் அப்படி ஓடியது. உனக்குத் தெரியாது.

பேச்சியம்மாதான் உன்னிடம் சொன்னது. மகளை நர்சிங் சேர்க்க சான்றிதழ் வாங்க வந்தவர், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உன்னிடம் கேட்டாராம்: "சார், ஜெராக்ஸ் கடையில குடுத்தது பத்துச்சா? கொறஞ்சிருந்தா போனஸ் போட்டதும் தந்துருதேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. குடைகூட எடுக்காமல் சாலையைக் கடந்து வந்தாய்.

"எம்பேரச் சொல்லி எத்தன பேருகிட்ட வாங்கியிருக்க?"

"ஊருல இல்லாததையா செஞ்சிட்டேன்? குடுக்காட்டி வேலை நடக்காதுன்னு அவங்களே நெனைக்காங்க."

"அப்படி நெனைக்க வெச்சதே நீதாம்ல."

போலீஸுக்குப் போகப் போகிறாய் என்று நினைத்தேன். நீ ஈரச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாய். பிறகு சொன்னாய்: "ஒன்னப் புடிச்சுக் குடுத்தா எனக்கு நல்ல பேரு வரும். பேச்சியம்மாவுக்கு என்ன வரும்? பேரெல்லாம் எழுதி வையி. ஞாயித்துக்கெழம போவோம்."

"நீ வராத. நீயும் கூட்டுன்னு நெனைப்பாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க. தனியா விட்டா நீ பாதி வழியில திரும்பிருவ."

என்னை உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு தோறும் லயம் லயமாக ஏறி இறங்கினோம். மனைவியின் வளையலை விற்ற பணம் என் பையில் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நான் தலை குனிந்து நிற்க, நீதான் பேசினாய். "இவன் கேட்டது எனக்குத் தெரியாது. ஆனா எம்பேரச் சொல்லிக் கேட்டிருக்கான். அதனால நானும் வந்திருக்கேன்." சிலர் ஏசினார்கள். சிலர் காப்பி கொடுத்தார்கள்.

பேச்சியம்மா மட்டும் பணத்தைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இத வாங்கிட்டா சர்ட்டிபிகேட்டத் திருப்பிக் கேப்பீகளா சார்? எம்புள்ள காலேசுல சேந்துட்டா."

நீ அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். அங்கிருந்தபடியே சொன்னாய்: "யக்கா, அந்தப் புத்தகத்துல ஒங்க தாத்தா பேரு இருக்கு. நானா எழுதல, அவரு வந்து ஒழைச்சதால இருக்கு. அத யாரும் திருப்பிக் கேக்க முடியாது."

பேச்சியம்மா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு தேயிலைக் காட்டைப் பார்த்தாய்.

நான் பயந்தபடியே ஆயிற்று. நீயும் கூட்டுதான் என்று யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். விசாரணையில் நான் வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் உன்னை விட்டார்கள். அதற்குள் உன் பதவி உயர்வு கைவிட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் நீ என்னிடம் பேசியதில்லை. கடைக்கு யாரும் வராத அந்த மாதங்களில், "எதிர்க் கடையில எழுதிட்டு வாங்க, இப்ப சரியா எழுதுவான்" என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாய்.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நான் செய்ததை உன் மனைவியிடம் இத்தனை காலமாகச் சொல்லாமலே அவர் கையால் டீ குடித்துவந்திருக்கிறேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே," என்றார். "அவுக அப்பவே சொன்னாக. வாங்குன காச வீடு வீடாப் போயித் திருப்பிக் குடுத்த மனுசன், இந்தப் பக்கத்துலயே அவன் ஒருத்தன்தான்னு பெருமையாச் சொல்லுவாக."

"கூட வந்தது யாருன்னு சொன்னானா?"

"கூட யாருண்ணே வந்தா?"

அவருக்குத் தெரியவில்லை. நீ சொல்லவே இல்லை. படியில் உட்கார்ந்தது, விசாரணைக்குப் போய் நின்றது, பதவி உயர்வு போனது ஏன் என்பது, எதையுமே. நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் டீயை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெருமைக்கு நான் உரியவன் அல்ல. ஆனாலும் அதைக் கீழே போட மனமில்லை. அதற்குத் தகுந்தபடி நடக்கப் பார்க்கிறேன். பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நீ பக்கத்தில் ஏறி வருகிறாய்.