நீ அவளோடு இருந்த ஆறு மணி நேரம்

அன்புத் தங்கச்சிக்கு,

இன்று காலையிலும் மழை. எழுந்ததும் முதல் வேலையாகத் தேயிலைக் கொழுந்தொன்றைக் கசக்கி மகள் யதுஷியின் கையில் வைத்தேன். மண்சரிவுக்குப் பிறகு, மழை பெய்தாலே அவள் கண்ணைத் திறந்தபடியே நினைவில் எங்கோ போய்விடுகிறாள். நீ செய்வதைப் போலவே செய்தேன். மோந்து பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"சித்தி வந்துட்டாங்களா?"

"அம்மாதான் குடுத்தேன்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று இடிந்த லயத்து வீட்டுக்குள் ஆறு மணி நேரம் அவளை அணைத்துக் கிடந்தவள் நீ. நான் ஹட்டனில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மணி நேரத்துக்காக உன்மேல் பொறாமைப்படுகிறேன். எழுதவே கூசுகிறது.

கொஞ்ச நாள் நீ அவள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் போன மாதமே சொன்னார். உன்னிடம் மறைத்துவிட்டேன்.

இப்போது ஒரு முடிவெடுத்திருக்கிறேன், அவளுடைய அப்பாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொட்டகலைக்குக் கூட்டிவந்து உன்னிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் திரும்புவேன்.

அக்கா