என் மேல் ஒரு புகார் வேண்டும்

ஆகஸ்ட் 6, 2024 - செவ்வாய்

இன்று சந்தைக் கட்டடத்தில் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளை எடுத்து ஷீட்டுகளைப் பிரித்தோம். தளத்தின் அடிப்பக்கம் வழவழவென்று வந்திருக்கிறது. பேரூராட்சியின் உதவிப் பொறியாளர் தமிழ்மதி மேடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு மேஸ்திரி" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் முட்டு எடுப்பது எங்கள் சென்ட்ரிங் தொழிலில் வழக்கம். முட்டு நிற்கும்வரை கட்டடம் எங்கள் கையில். உள்ளே பூச முடியாது, தரை போட முடியாது. எப்பேர்ப்பட்ட கான்ட்ராக்டரும் இறங்கி வந்து பணம் தந்துதான் ஆகவேண்டும். இந்தத் தடவை நான் அதை மீறிவிட்டேன். கான்ட்ராக்டர் பாண்டியராஜ் நேற்று டீக்கடையில் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "முட்டு நின்னா மேடம் அளவெடுக்க மாட்டாக. அளவெடுக்கலேன்னா பில்லு பாஸாகாது. பில்லு வந்தாத்தேன் ஒனக்குக் காசு. இம்புட்டுத்தேன் விஷயம் சேவியரு" என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் இசைவாணி, "காசு வாங்கிட்டுத்தான எடுத்தீக?" என்றாள். வரும் என்றேன். அவள் கரண்டியை வைத்த சத்தத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 17 - சனி

கூலி நாள். பாண்டியராஜ் போனை எடுக்கவில்லை. ஆட்களுக்குச் செலவுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 31 - சனி

இசைவாணியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. அவளே கழற்றிக் கொடுத்தாள், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அதைக் கொண்டு எல்லோருக்கும் பாதிக் கூலி கொடுத்தேன். மூக்கையா எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்னோடு பத்து வருஷமாக ஷீட் அடிக்கிறவன். எண்ணியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

செப்டம்பர் 9 - திங்கள்

பேரூராட்சி ஆபீஸுக்குப் போனேன். பில் பாஸாகி, பணம் பாண்டியராஜ் கணக்குக்குப் போய் மூன்று வாரம் ஆகிறதாம்! "மேஸ்திரி, ஒப்பந்தம் எங்களுக்கும் அவருக்கும்தான். உங்க பேரு எந்தப் பேப்பர்லயும் இல்லையே, நான் என்ன செய்ய?" என்றார் மேடம்.

பாண்டியராஜ் கட்டிய டெபாசிட் உங்களிடம்தானே இருக்கிறது, அதிலிருந்து பிடித்துக் கொடுங்கள் என்றேன். அது கட்டடம் விரிசல் விட்டால் சரிசெய்ய, அவர் பாதியில் வேலையை விட்டுப் போனால் வேறு ஆளை வைத்து முடிக்க. ஷீட் வாடகைக்காரனுக்கும் சித்தாளுக்கும் அதில் பங்கு இல்லை என்றார். மேடம் கடுமையாகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார்.

செப்டம்பர் 10 - செவ்வாய்

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. கட்டடத்துக்கு ஒரு கீறல் விழுந்தா பாக்க ஆள் இருக்கு, காசு இருக்கு. அதைத் தூக்கி நிறுத்துனவன் வயித்துக்கு? நாந்தான் முட்டாப் பய. முட்டுகளை எடுக்காம வச்சிருந்தா இன்னைக்கு அந்த ஆளு என் வாசல்ல நின்னிருப்பான்.

செப்டம்பர் 15 - ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராகத் திண்டுக்கல்லில் பாண்டியராஜ் வீட்டுக்குப் போனேன். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார். வத்தலக்குண்டு பக்கம் எடுத்த வேலையில் நஷ்டமாம், வந்த பணம் அந்தக் கடனுக்குப் போய்விட்டதாம். "தரமாட்டேன்னா சொன்னேன்? செத்த பொறு" என்றார். உள்ளேயிருந்து கறிக்குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. நஷ்டம் வந்த வீட்டில் கறி எடுக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஆனாலும் எனக்கு எரிந்தது.

செப்டம்பர் 20 - வெள்ளி

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வக்கீல் இஃப்பத்தைப் பார்த்தேன். இவர்கள் வீட்டு மாடிக்கு நான்தான் சென்ட்ரிங் அடித்தேன். அந்தப் பழக்கத்தில் ஃபீஸ் பேச்சையே எடுக்கவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய அரசு வேலை எடுக்கிறவர் இரண்டு உத்தரவாதம் கொடுக்க வேண்டுமாம். ஒன்று வேலையை முடிப்பதற்கு. இன்னொன்று, சரக்கு கொடுத்தவனுக்கும் கூலிக்காரனுக்கும் பணம் போய்ச் சேருவதற்கு. கான்ட்ராக்டர் ஏமாற்றினால் அந்த இரண்டாவதில் போய் நேரே கேட்கலாம். நம் ஊரில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாதிக் கட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு படு என்கிறார்கள்.

"நேர் வழி இல்லண்ணே. சுத்து வழி ஒண்ணு இருக்கு" என்றார் இஃப்பத். கூலியாட்களுக்கு மட்டும் சட்டம் ஒரு கதவு வைத்திருக்கிறது. அவர்களை வேலைக்கு அழைத்துப் போனவன் கூலி தராவிட்டால், கட்டடம் யாருடையதோ அந்த ஆபீஸே கொடுக்க வேண்டும். பிறகு கான்ட்ராக்டரின் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளலாம். லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தால் போதும்.

யார் மேல் புகார்?

"அவங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

நான்.

"அப்ப ஒங்க மேலதான். சேவியர் மேஸ்திரி எங்களுக்குக் கூலி தரலைன்னு ஒங்க ஆளுங்க எழுதிக் குடுக்கணும். நீங்களும் ஆமான்னு ஒத்துக்கணும்."

எனக்கு வர வேண்டிய ஷீட் வாடகை? அதற்கு இந்தக் கதவு திறக்காது. தனியாக சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அது முடிவதற்குள் என் ஷீட்டெல்லாம் துருப்பிடித்துவிடும் என்றார். நான் ஏற்கெனவே கொடுத்த பாதிக் கூலியும் திரும்ப வராது. ஆட்களின் மீதிக் கூலி மட்டும் வரும். என் பேர் மட்டும் போகும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இந்தத் தொழிலில் எனக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். சேவியர் செட்டில் வேலை செய்தால் கூலி பாக்கி நிற்காது என்பார்கள்.

செப்டம்பர் 22 - ஞாயிறு

ஷீட் போட்டு வைத்திருக்கும் கொட்டகைக்கு ஆட்களை வரச் சொன்னேன். பதினோரு பேரும் வந்தார்கள். கூலி வந்துவிட்டது என்று நினைத்து வந்த முகங்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"பாண்டியராஜ் மேல எழுதச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஒங்க மேல எப்பிடிண்ணே?" என்றான் மூக்கையா.

அப்படி எழுதினால் புகார் நிற்காது என்றேன். அவர் உங்களை அழைக்கவில்லை, உங்கள் பேரே அவருக்குத் தெரியாது என்றேன். கேட்கவே இல்லை. சித்தாள் ஒச்சாயி அக்கா சும்மாடுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சங்கிலிய வச்சுக் கூலி குடுத்த ஆளு மேல கைநாட்டு வச்சா என் கை அழுகிப் போகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது?

செப்டம்பர் 26 - வியாழன்

ஆட்களில் இரண்டு பேர் நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றப் போகிறார்களாம். என்னிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம் கோபம் இல்லை. என் முகத்தைப் பார்த்து மீதிக் கூலியை ஞாபகப்படுத்த வேண்டாம் என்றுதான்.

செப்டம்பர் 29 - ஞாயிறு

ஒச்சாயி அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று எதுவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து அக்காவிடம் சத்தம் போட்டுவிட்டேன். "என்னையக் காப்பாத்துறேன்னு எல்லாரும் பட்டினி கெடக்கீகளா? நான் கேட்டனா? நீங்க சும்மா இருக்க இருக்க, பாண்டியராஜ்தேன் சொகமா இருக்கான். என் மானத்த நான் பாத்துக்கிறேன்க்கா."

அக்கா வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு வேல வராம போயிட்டா, அப்பு?"

அது எனக்கும் தெரியாது என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"சரி, எங்க வந்து வைக்கணும்?" என்றார்.

அக்டோபர் 1 - செவ்வாய்

புகார் கொடுத்தாயிற்று. முதல் கைநாட்டு ஒச்சாயி அக்கா. பிறகு மற்றவர்கள். பஸ் செலவு எல்லோருக்கும் என்னுடையது. என் மேல் புகார் கொடுக்க நானே டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போனேன்.

அக்டோபர் 24 - வியாழன்

லேபர் ஆபீஸில் விசாரணை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் ஆட்கள், அவர்களுக்காக வக்கீல் இஃப்பத். பேரூராட்சி சார்பில் தமிழ்மதி மேடம் வந்திருந்தார். பாண்டியராஜ் வரவில்லை.

அதிகாரி ஒச்சாயி அக்காவைக் கேட்டார்: "இவர் உங்களுக்குக் கூலி தரலையா?"

"தந்தாரு சாமி. பொண்டாட்டி சங்கிலிய அடகு வச்சுத் தந்தாரு."

இஃப்பத் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் எதுக்கும்மா புகார்?"

"பாதிதேன் தந்தாரு."

"மீதி?"

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, "மீதி தரல சாமி" என்றார். நான் எழுந்து, ஆமாம், தரவில்லை என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. இன்னொரு தடவை சொன்னேன்.

முட்டு எத்தனை பேர் நின்று அடித்தார்கள் என்று அதிகாரி கேட்டபோது, தளம் போட்ட அன்று பதினோரு பேரையும் தன் கண்ணால் பார்த்ததாக மேடம் சொன்னார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

அக்டோபர் 31 - வியாழன்

தீபாவளி. புகார்தாரர் ஒச்சாயி வீட்டிலிருந்து எதிர்த்தரப்புக்கு ஒரு தூக்குவாளி முறுக்கு வந்தது.

டிசம்பர் 12 - வியாழன்

பாண்டியராஜ் தானாகவே போன் செய்தார், ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக. "ஏலே, என் டெபாசிட்ல கைய வைக்க வழி பண்ணிட்டல்ல? இனி ஜில்லாவுல எவன் ஒனக்கு வேல தாரான்னு பாக்குறேன்." நான் போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 23, 2025 - வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. பதினோரு பேரின் மீதிக் கூலியையும் பேரூராட்சி கொடுத்துவிட்டு, கான்ட்ராக்டரின் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வரி: கூலி வழங்கத் தவறியவர், சென்ட்ரிங் மேஸ்திரி சேவியர். இசைவாணி அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்கு ஒரு சங்கிலி செலவு" என்றாள். பிறகு சிரித்தாள். சிரித்ததே போதும்.

பிப்ரவரி 18 - செவ்வாய்

ஆட்கள் கணக்கில் பணம் ஏறிவிட்டது. மூக்கையா போனை நீட்டி மெசேஜைக் காட்டினான். ஒச்சாயி அக்கா பேத்திக்குக் கொலுசு வாங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் வராது என்று முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஒரு தடவை என் கணக்கைப் பார்த்தேன்.

பிப்ரவரி 27 - வியாழன்

பேசி வைத்திருந்த இரண்டு வேலை கைவிட்டுப் போயிற்று. ஒருவர் காரணம் சொல்லவில்லை. இன்னொருவர், "லேபர் கேஸ் ஆளு வேணாம்ப்பா" என்றே சொல்லிவிட்டார். பாண்டியராஜ் சொன்னதைச் செய்கிற மனிதர்தான், கூலி விஷயம் தவிர.

மார்ச் 10 - திங்கள்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்துல் சுக்கூர் பாய் கடைக்கு மேல் இரண்டு மாடி எழுப்புகிறார். இடம் பார்க்கப் போனோம். ஷீட் எத்தனை பிடிக்கும் என்று பார்க்க மூக்கையாவும், மேலே சுமக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க ஒச்சாயி அக்காவும் கூட வந்தார்கள்.

பாய் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனைக்காதீக மேஸ்திரி. ஒங்க மேல கூலி குடுக்கலேன்னு கேஸ் இருந்துச்சாமே? பாண்டியராஜ் சொன்னாரு" என்றார்.

இருந்தது என்றேன். மேற்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முட்டிலிருந்தா, டெபாசிட்டிலிருந்தா, அமெரிக்காவிலிருந்தா? வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒச்சாயி அக்கா முன்னால் வந்து நின்றார்.

"கேசு குடுத்தது நாந்தேன் பாய். என்னைக்கு வேலைக்கு வரணும்? அதச் சொல்லுங்க."

பாய் அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை ஷீட் இறக்குகிறோம்.