வராத தண்ணீருக்கு வரி

முனிர்கா, புது டெல்லி
12-5-93

அன்புள்ள மாமாவுக்கு,

மீனாக்ஷி எழுதுவது. உடம்பு சுகம்தான், தூக்கம்தான் இல்லை. கரண்ட் போனால் இந்த அறை செங்கல் சூளை. கீழ்வீட்டு அம்மாள் "பானி ஆயா, ஜல்தி!" என்று கத்தியதும் தண்ணீர் பிடிக்க மாடி முழுக்க வாளியோடு ஓடுகிறோம்.

பாசனத் தண்ணீருக்கு விலை வைக்கும் குழுவில் என் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கருக்கு ஒரே வரி. அதை விட்டுவிட்டு, மதகில் அளந்து, எடுத்த தண்ணீருக்கு மட்டும் காசு வாங்கலாம் என்பது என் யோசனை. முதலில் ஒரு வாய்க்காலில் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். நம் வாய்க்காலைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உடனே பதில் போடுங்கள்.

அன்புடன்,
மீனா

கோபி
24-5-93

அன்புள்ள மீனாவுக்கு,

செல்வராஜ் எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் கடிதத்துக்கு முன்னால் சேதி ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் அத்தனை பேர் இருக்க ஜோதிலிங்கண்ணன் கேட்கிறார்: "ஏப்பா செல்வராசு, உன்ற ஊட்டுக்காரி டெல்லியில உக்காந்துட்டு நம்ம மதகுக்கு மீட்டர் வெக்கறாளாமா? அப்பறம் கரும்பு எப்படி வெக்கறது?" நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நம் நிலம் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருப்பது நான் செய்த குற்றமா? நீ டெல்லி போகிறேன் என்றபோது நான் மறுக்கவில்லை. வாய்க்கால் பெயரை மட்டும் எடுத்துவிடு. எனக்காக.

செல்வராஜ்

முனிர்கா
3-6-93

அன்புள்ள மாமாவுக்கு,

"எனக்காக" என்று எழுதிவிட்டீர்கள். எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

அப்பாவின் காடும் அதே வாய்க்காலில்தான் இருக்கிறது, கடைமடையில். மூன்று வருடமாக அங்கே தண்ணீர் எட்டவில்லை. வரி மட்டும் கட்டுகிறார். போன மாதம் மாடுகளை விற்றுவிட்டார். கன்றிலிருந்து வளர்த்தவை. போனில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மாப்பிள்ளைகிட்டச் சொல்லீராத சாமி, சங்கடப்படுவாரு."

பெயரை எடுக்க மாட்டேன் மாமா. நீங்கள் சங்கடப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மீனா

கோபி
20-6-93

மீனாவுக்கு,

மாடு விற்றது எனக்குத் தெரியாது. படித்த அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டு மீட்டர் வேண்டாம் என்று மனு எழுதினார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. போடாமல் இருந்தால் இந்த ஊரில் நான் நடமாட முடியாது. எம்.எல்.ஏ. மூலமாக அது டெல்லிக்கு வரும். கோபப்படுவாய். தீபாவளிக்கு வா, நேரில் பேசிக்கொள்ளலாம்.

செல்வராஜ்

முனிர்கா
9-7-93

அன்புள்ள மாமாவுக்கு,

மனு வந்தது. குழுத் தலைவர் ராஜகோபாலன் சார் என்னைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

"முதல்ல இருக்கற செல்வராஜ் உங்க ஹஸ்பெண்டா?"

"ஆமாங்க சார்."

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப இத விட்டுடலாம்மா. அளக்கறதெல்லாம் வேண்டாம். இருக்கற ஏக்கர் வரியையே ஏத்திட்டு ரிப்போர்ட்ட முடிச்சுடுவோம். நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்கோ."

ஏற்றப்போகும் வரி அப்பாவுக்கும்தான், வராத தண்ணீருக்கு. நான் கையெழுத்துப் போடவில்லை. குழுவிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கோவைக் கல்லூரியில் என் வேலையில் மறுபடி சேர ஒரு மாதம் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயில். ஈரோட்டில் இறங்கி கோபி பஸ்ஸில் ஏற மாட்டேன். காங்கேயம் பஸ்ஸில் அப்பாவிடம் போகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் மேல் உள்ள ஆசையும் குறையவில்லை. ஆனால் அந்த வீட்டில் படுத்துக்கொண்டு, விடியற்காலையில் நம் மடையில் தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்க இனி என்னால் முடியாது.

வருவதானால் நீங்கள் அங்கே வாருங்கள். அப்பா உங்களை எதுவும் கேட்க மாட்டார்.

நான் கேட்பேன்.

மீனாக்ஷி