தொடையில் தடவும் மருந்து

ஜனவரி 14, ஞாயிறு

தென்கிழக்குக் காற்று. கடல் கலங்கிக் கிடந்தது. ஆனாலும் படகை இறக்கினோம். பின்னால் நின்று நீளத் துடுப்பால் படகைத் திருப்புகிற லொரெய்னுக்கு அறுபத்து மூன்று வயது; குரலுக்கு மட்டும் இருபது.

"நரேல்! இழுக்குறியா, இல்ல சூப்பைக் கிண்டுறியா?"

இழுத்தேன். போன வருடம் இதே அலையில் கை விட்டுப்போயிருக்கும். இந்த வருடம் இல்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டூயி, "என்னத்தடீ சாப்பிடுற நீ? எங்களுக்கும் குடு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வந்து குளித்து, தொடையில் களிம்பைத் தடவிக்கொண்டு, குழாயை உள்ளாடை அலமாரியின் அடியில் தள்ளினேன். என் கணவன் ரஸ்ஸுக்குத் தெரிந்த விஷயம்தான். பின் யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

பிப்ரவரி 3, சனி

எங்கள் கன்னெட் பாயிண்ட் படகு கிளப்பில் இன்று ஒரு கூட்டம். ஊக்கமருந்து தடுப்பு அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தாள். ஏப்ரலில் தேசியப் போட்டி; ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவிலும் சோதனை நடக்கலாம் என்றாள்.

"எங்ககிட்ட சிறுநீர் கேக்கவே வேணாம்மா, தும்மினாலே வந்துரும்" என்றாள் லொரெய்ன். சிரிப்பில் கூடமே அதிர்ந்தது.

பிறகு ஆண்கள் படகில் துடுப்புப் போடும் வாரிக் எழுந்தான். புற்றுநோயில் இரண்டு விரையையும் எடுத்துவிட்டார்கள் அவனுக்கு. கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "எனக்கு ரெண்டு முட்டையும் போச்சு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கறேன். விலக்கு குடுத்திருக்காங்க, முறைப்படி. அதனால என்னை யாரும் மொறைக்காதீங்க." கைதட்டினார்கள். யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண் சொன்னாள்: மாதவிடாய் நின்றவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் பட்டைக்குத் தடை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்றால், ஆணோ பெண்ணோ, களிம்பானாலும் தடைதான். மருத்துவ விலக்கு வாங்கியாக வேண்டும்.

"பெண்களுக்கு எதுக்கு அது?" என்று கேட்டாள் ஜஸிந்தா. எங்கள் படகில் மூன்றாவது துடுப்பு. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"சிலருக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கறாங்க. ஆசை குறைஞ்சு போனா."

"அய்யே, இந்த வயசுலயா?"

நான் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். காது சுட்டது.

பிப்ரவரி 4

தூங்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் வெரோனிகாவிடம் போனேன். நாற்பத்தொன்பதில் கர்ப்பப்பையோடு சூலகங்களையும் எடுத்தார்களே, அதிலிருந்து ஆறு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று அவருக்குத் தெரியும். உடம்பு ஒரு வாடகை வீடு போல. ரஸ் தொட்டால் எரிச்சல். தொடாவிட்டால் அழுகை. போன வருடம் அவர் இந்தக் களிம்பைக் கொடுத்த பிறகுதான்—

எழுதவே கூசுகிறது. என் சொந்த நாட்குறிப்பில்.

"அப்பவே நீங்க போட்டிக்குப் போறவங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். "நானும் சொல்லல டாக்டர். சனி ஞாயிறு கிழவிங்க படகுன்னுதான் நெனச்சேன்" என்றேன்.

விண்ணப்பம் அனுப்பலாம், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். காரணத்தை விளக்கிக் கடிதம் எழுதினார். அதைப் படித்துக் காட்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பத்தியம், ஆசையின்மை, துயரம். விலக்குக் குழுவில் முகம் தெரியாத மூன்று டாக்டர்கள் காபி குடித்துக்கொண்டே என் படுக்கையறையை வாசிப்பார்கள்.

பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்றார். சரி என்றேன்.

பிப்ரவரி 20

நிறுத்தவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மாநிலப் போட்டி. ஜெயித்தோம்.

திரும்பும்போது பெரிய அலை ஒன்று எங்களைத் தூக்கிக் கரைவரை கொண்டுவந்து போட்டது. வடக்குக் கரை கிளப்பின் படகு எங்களுக்கு அரைப் படகு பின்னால். அவர்களுடைய முதல் துடுப்பு ஓர் உயரமான பெண், பெயர் ஒடெட். மணலில் நடந்து வந்து என் கையைப் பிடித்தாள். "சும்மா பிச்சு ஒதறிட்ட. எங்க இருந்து வருது இவ்ளோ தெம்பு?"

வாயைத் திறந்தேன். "அலை நல்லா கெடச்சுது" என்றேன்.

ரிப்பனோடு தங்கப் பதக்கம். டூயி அழுதாள். பதினோரு வருடமாக இதற்காக இழுத்துக்கொண்டிருக்கிறாள் அவள். என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதான்டீ" என்றாள்.

அய்யோ. என்னாலதான்.

மார்ச் 14, வியாழன்

மறுத்துவிட்டார்கள். மரியாதையான பதில். என் கஷ்டம் புரிகிறதாம். ஆனால் பெண்களுக்கு, இந்தக் காரணத்துக்காக, இந்த மருந்துக்கு விலக்கு இல்லை.

வாரிக்கின் உடம்பிலிருந்தும் எடுத்தார்கள். என் உடம்பிலிருந்தும் எடுத்தார்கள். அவனுக்குக் கைதட்டல்— இல்லை, இப்படி எழுதக்கூடாது. அவனுக்கு அது இல்லாவிட்டால் எலும்பே உருகிவிடும். எனக்கு? எனக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. சும்மா இருப்பேன். ஒரு மரக்கட்டை சும்மா இருக்கிற மாதிரி.

சின்ன அளவுதான், ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியது மட்டும்தான் என்கிறார் டாக்டர். அதனாலா ஜெயித்தேன்? தெரியாது. யாருக்கும் தெரியாது. விலக்கு கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வருமுன்னே போய்ப் படகில் உட்கார்ந்தேனே, அது மட்டும் தெரியும்.

மார்ச் 16, சனி

சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து படகைக் கழுவும்போது. டூயி, ஜஸிந்தா, இன்னொரு துடுப்பு கெரின், லொரெய்ன், நாலு பேரும் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயை நிறுத்தச் சொன்னேன். முதலில் மருந்தின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. பிறகு எதற்கு என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னிக்குக் கூட்டத்துல நீ அங்கதான இருந்த?" என்றாள் ஜஸிந்தா.

"இருந்தேன்."

"கேட்டுட்டும் வந்து உட்காந்தியா?"

"எப்படிடீ சொல்லுவேன்? எனக்கு ஆசையே செத்துப்போச்சு, தெனமும் தொடையில மருந்து தடவுறேன்னு உங்க முன்னாடி எப்படிச் சொல்லுவேன்? அய்யேன்னு சொன்னல்ல நீ!"

ஜஸிந்தாவின் முகம் சிவந்தது. டூயிதான் பேசினாள், மெதுவாக. அது கத்தியதைவிட மோசம். "மருந்து போட்டது உன் இஷ்டம். அதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல. சொல்லியிருந்தா உன் இடத்துல வேற ஆளை ஏத்தியிருப்போம். தோத்திருப்போம், அவ்ளோதான். இப்ப என் மெடலையும் சேத்து நாறடிச்சுட்டியே."

ஸ்பாஞ்சை வாளிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

லொரெய்ன் குழாயைத் திறந்தாள். "மெடலை எல்லாம் நாளைக்கு எங்கிட்ட குடுங்க. ஊக்கமருந்து ஆபீசுக்கு நானே ஃபோன் பண்றேன்."

மார்ச் 17

தேசியப் போட்டி எனக்கு இல்லை. விசாரணை முடியும்வரை எதிலும் இறங்கக்கூடாது. தங்கம் வடக்குக் கரைக்குப் போகிறது. டூயி தன்னுடையதைக் கெரின் கையில் கொடுத்தனுப்பினாளாம். பெட்டியில்கூடப் போடாமல்.

மார்ச் 23, சனி

ரஸ் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "நிறுத்திடு நரேல். விசாரணை முடிஞ்சதும் படகுக்குப் போ. எனக்காக நீ கஷ்டப்பட வேணாம். நான் பழகிக்குவேன்."

நல்ல மனுஷன். ஆனால் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"உனக்காகன்னா நெனச்ச?"

திரும்பினான்.

"எனக்கு வேணும் ரஸ். எனக்கு. காலையில எழுந்தா என் உடம்பு என்னோடதா இருக்கணும். நீ பக்கத்துல வந்தா எனக்குப் புடிக்கணும். உனக்குத் தர்ற கடன் இல்ல அது."

சொல்லி முடித்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஓடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரஸ் தட்டோடு வந்தான். கருகிய பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டு எனக்கு நல்லதை வைத்தான். "அப்போ படகு?" என்றான்.

"தெரியல" என்றேன். தெரிந்துதான் இருந்தது. பிறகு அழுதேன். எதற்கென்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 2

டூயிக்குக் குறுஞ்செய்தி. பதில் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

தேசியப் போட்டிக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ரஸ் காரைக் கிளப்பிவிட்டான்.

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கரையில் மற்ற ஜனங்களோடு நின்று பார்த்தேன். என் இடத்தில் யாரோ புதிய பெண், நல்ல தோள். நான்காவதாக வந்தார்கள். படகை இழுத்து ஏற்றும்போது டூயி என்னைப் பார்த்தாள். வரவில்லை. ஆனால் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள், ஒரு தடவை. இன்றைக்கு அது போதும்.

சாசேஜ் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது யாரோ தோளைத் தொட்டார்கள். ஒடெட். வடக்குக் கரை. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று திரும்பினேன்.

"அந்தத் தங்கம்…" என்று ஆரம்பித்தேன்.

"அத விடு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள். "அந்த மருந்து பத்திக் கேள்விப்பட்டேன். உன் டாக்டர் பேரு என்ன?"

புரியவில்லை. பிறகு அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. மருந்துக்கு முன்னால் கண்ணாடியில் நான் பார்த்த கண்.

"போட ஆரம்பிச்சா படகை விடணும் ஒடெட். விலக்கு குடுக்க மாட்டாங்க."

"தெரியும். அதான் நேத்து வரைக்கும் யோசிச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "நாலு வருஷமா என் புருஷன் ஹால்ல படுக்கறான்."

"வெரோனிகா" என்று கிசுகிசுத்தேன். கடற்காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். டாக்டர் பெயரையும், எந்தத் தெருவில் என்பதையும், வியாழக்கிழமைகளில் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்பதையும். முன்னால் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும் என்று நின்றேன்.