இடது காலின் பட்டி

மச்சான்,

நனைந்த கம்பளித் துணியின் வாசம் என் மடியிலிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் தூறிய மழை உன் நிக்கர்போக்கர்ஸ் காற்சட்டையில் ஊறிவிட்டது. அதைப் போட்டபடியே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு சின்னப் பெண் என் கால்களைப் பார்த்துத் தாயின் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் செத்துப்போன உனக்குப் போனில் தட்டித் தட்டி எழுதுகிறேன்.

இந்த உடுப்போடு நீ லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தது நினைவிருக்கிறதா? மண்ணிறத் தடித்த துணி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும் தொளதொளத்த காற்சட்டை. அதன் வாயை ஒரு பட்டியும் சின்னப் பக்கிளும் இறுக்கிப் பிடிக்கும். அதற்குக் கீழே நீளக் காலுறை. ஜெர்மனியில் கோப்பை கழுவிய காலத்தில் திருவிழாக்களில் இப்படி உடுத்தவர்களைப் பார்த்து ஆசைப்பட்டாயாம். லண்டனுக்கு வந்து ஒரு பழைய உடுப்புக் கடையில் தேடிப் பிடித்துவிட்டாய். கதவைத் திறந்த என் மனைவி சாந்தி, “என்னண்ணை, ஆரேன் குதிரைக்காரனிட்டைக் களவெடுத்தனீங்களோ?” என்று கேட்டாள். நீ கோபிக்கவில்லை. காலைத் திருப்பிக் காட்டினாய். “வடிவாப் பார் தங்கச்சி. ஒரு காலத்திலை ஆம்பிளையின்ரை வடிவே கெண்டைக்காலிலைதான் இருந்தது.”

வருடம் ஒருமுறை பழைய உடுப்புப் போட்டுச் சைக்கிள் ஓடும் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். மிதித்துக்கொண்டே பேசுவாய். அந்தக் காலத்தில் பிரபுக்கள் முழங்காலோடு நிற்கும் பிரீச்சஸும் பட்டுக் காலுறையுமாகத் திரிந்தார்கள். பிறகு கப்பற்காரரும் கூலிக்காரரும் போட்ட நீளக் காற்சட்டை மேலே ஏறி வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்டது. முழங்காலோடு நின்றது குதிரைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் சைக்கிளுக்கும் ஒதுங்கி, கடைசியில் சின்னப் பெடியன்களின் உடுப்பாகிப்போனது. “பெடியங்களுக்குப் போட்டுவிட்டதைப் பெரிய மனிசன் திரும்பத் தொடுவானோ? நாங்கள் எப்ப நீளக் காற்சட்டை போடலாமெண்டு துடிச்சனாங்கள்தானே” என்பாய். இன்னொன்றும் சொல்வாய். “நீளக் காற்சட்டைக்குள்ளை எல்லாத்தையும் ஒளிக்கலாம் மச்சான். வளைஞ்ச கால், மெலிஞ்ச கால், ஒண்டும் தெரியாது.” அது பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

உன் கடைசிக் கோடையில் அந்தக் கூட்டத்துக்கு நீயே கறுப்பு நீளக் காற்சட்டையோடு வந்தாய், வாடகைக் கார் ஓடும்போது போடுகிற அதே காற்சட்டை. ஏன் என்று கேட்டேன். “சலவைக்காரன் சுருக்கிப்போட்டான். இடப்பக்கம் பூட்டேலாமல் கிடக்கு” என்று அவனை ஏசத் தொடங்கினாய். நானும் சேர்ந்து ஏசினேன். ஒரு காற்சட்டை ஒரு பக்கம் மட்டும் சுருங்குமா என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த கிழமை காரிலிருந்து இறங்கியவன் நடைபாதையில் விழுந்தாய். கால் நாளத்தில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் மனைவி வசந்தி இதை என்னிடம் தந்தாள். “நீங்கள் போடுங்கோ அண்ணை. அலுமாரிக்குள்ளை கிடந்தால் எனக்குப் பயமாக் கிடக்கு.” அன்றிலிருந்து வருடா வருடம் சைக்கிள் ஓட நான்தான் போடுகிறேன். உனக்கும் எனக்கும் ஒரே அளவு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இன்றைக்கும் அந்தக் கூட்டம். காலையில் வலது பட்டியைப் பூட்டினேன், வழக்கமான துளையில் விழுந்தது. இடது பட்டியைப் பூட்ட முடியவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தும் எட்டவில்லை. “சாந்தி, இது சுருங்கிப்போச்சு” என்று என் வாயே சொன்னது, மச்சான். பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுக்க இருப்பவனுக்குக் கால் கனப்பது புதிதா என்று சில நாட்களாக என்னையே சமாதானப்படுத்தி வந்திருந்தேன். பக்கிளைக் கொஞ்சம் தள்ளித் தைத்தால் போச்சு என்று ஊசியும் நூலும் எடுத்து, பட்டியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

பக்கிள் ஏற்கெனவே தள்ளித் தைக்கப்பட்டிருந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் வெறும் துளைகள். அதற்கு அப்பால் மண்ணிறத் துணியில் கறுப்பு நூலில் கோணல்மாணலாக உன் தையல். இத்தனை வருடம் பூட்டியும் கவனிக்கவில்லை. சலவைக்காரனை ஏசுவதற்கு முன்பே நீ இதைச் செய்து பார்த்திருக்கிறாய். காலுறையைக் கழற்றி இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது கெண்டைக்கால் மினுங்கியது. பெருவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

“என்னப்பா, காலைக் காட்டுங்கோ.” சாந்தி வந்து நின்றாள்.

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையெண்டால் ஏன் காலுறையைக் கழட்டினனீங்கள்? எழும்புங்கோ, காரை எடுக்கிறன்.”

ஆஸ்பத்திரிக்கு மரியாதையாகப் போக வேண்டும் என்று கட்டிலில் கிடந்த நீளக் காற்சட்டைக்குக் கை நீட்டினேன். தொட்டதும் உன் கறுப்புக் காற்சட்டை நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

இங்கே தாதி என்னை எதுவும் கேட்பதற்கு முன்பே ஒரு காலையும் மற்றக் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்களைத் தாண்டி என்னை முன்னுக்குக் கொண்டுபோய் இருத்தினாள். மற்ற நாளென்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது பழைய இடத்துக்கே திரும்பிப் போய் இருந்துவிடலாம் போல இருக்கிறது. இடது பட்டி பூட்டாமல் தொங்குகிறது. உன் கறுப்பு நூல் அதில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நான் ஊசி குத்தவில்லை.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஸ்கான் அறைக்குள் நான் மட்டும்தான் போக வேண்டுமாம். உன்னிடம் விடைபெறும்போதெல்லாம் “வாறன் மச்சான்” என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதை உனக்கு எழுதப் பயமாக இருக்கிறது, குறை நினையாதே. பக்கத்தில் சாந்தி என் மழைச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். “வாறன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு எழும்புகிறேன்.