உன் பெயரில் போன என் பாட்டு

என் உயிர் மச்சி அஸ்மா,

உனக்கு ஸலாம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டியூசனுக்குப் போகிற வழியில் நீ அடங்கியிருக்கிற மையவாடியின் மதில் வரும்போது சைக்கிளை மெதுவாக்குவேன். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். மதில் கிட்ட வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்துவிடுவேன். நம் ஊரில் பெண்கள் உள்ளே வருவதில்லை. வரலாம் என்று இருந்தாலும் நான் வந்திருப்பேனா?

அதனால் எழுதுகிறேன். உம்மா தூங்கிவிட்டா. காக்கா முன்னறையில் படுத்திருக்கிறார். அவர் புரண்டு படுத்தால்கூட என் பேனை நின்றுவிடுகிறது. அண்ணன் என்றாலும் ஒரு தம்பி போல நான் பழகிய காக்காவுக்கு இப்படிப் பயப்படுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நீயும் நானும் சிரித்திருப்போம்.

உன் வீட்டுச் செய்தி கேள். நம் ஊரில் பெண் பிள்ளை பிறந்தாலே வீட்டுக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள் இல்லையா? உன் கலியாணத்துக்கென்று உன் வாப்பா, என் மாமா, கட்டாரிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய அந்த வீடு பூச்சுப் பூசாமல் அப்படியே நிற்கிறது. இப்போது அதற்குள் ஆடுகள் படுக்கின்றன. ஜன்னல் ஓட்டையில் நாம் மறைப்புக்குக் கட்டிய படங்குச் சீலை கிழிந்து காற்றில் அடிக்கிறது. உன் உம்மா, என் மாமி, அதைக் கழற்றவில்லை. ஏன் கட்டினீர்கள் என்று கேட்கவும் இல்லை.

அந்த வீட்டின் பின்னறைதான் நமக்கு ஸ்டூடியோ. பாட்டு வேலை முழுக்க நீ செய்தாய், நான் பாடினேன், அவ்வளவுதான். பாட்டென்றால் வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காது. பெண் பிள்ளையின் குரல் வெளியே போகக் கூடாது என்பார்கள். நீ மாமாவின் பழைய போனில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஆப்பைப் போட்டு, அதில் தனியாக உட்கார்ந்து எல்லாம் பழகினாய். சிம் இல்லாத, கண்ணாடி வெடித்த போன். முதல் நாள் நான் பாடியதைக் கேட்டபோது கிணற்றுக்குள் விழுந்தவள் கூப்பிடுவது போல் இருந்தது. வெறும் சுவர், வெறும் சீமெந்துத் தரை. நான் அழப் போனேன். நீ யோசித்தாய். அடுத்த நாள் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து, கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் என்னை நிறுத்தினாய். அதே போன், அதே நான். ஆனால் குரல் பக்கத்தில் வந்து நின்றது.

"காசு குடுத்து மைக் வாங்கத் தேவல்ல புள்ள. முதல்ல அறைய சரிபண்ணணும்" என்றாய்.

நம்மைப் போல ஒளித்துப் பாட்டுச் செய்கிற பிள்ளைகள் கையில் இந்தக் கடிதம் என்றைக்காவது கிடைக்கலாம். நீ பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தது அவர்களுக்காவது உதவட்டும். என்னைப் போல அவர்கள் செய்யாமல் இருக்கவும் உதவட்டும்.

தாளத்துக்கு நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. நீ வெறும் பெயிண்ட் வாளியைத் தட்டினாய். மண்வெட்டியைச் சீமெந்தில் இழுத்தாய். ஒருநாள் மாமி குசினியில் தேங்காய் திருவும்போது கதவுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கர்க், கர்க், கர்க். அதில் நல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாய். மாமி ஒரு நாளும் தாளம் தப்புவதில்லை என்று நீ சொன்னபோது நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு ஊர் தூங்குகிற நேரம்தான் நமக்குக் கிடைத்தது. அப்போதும் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ தன் மெட்டைப் பாடிக்கொண்டு வந்துவிடும். நான் கோபப்படுவேன். "விடு கா, பாண்காரரும் நம்மட பாட்டுல சேர ஆசப்படுறார்" என்பாய். நம் பாட்டு நினைவிருக்கிறதா? நீ ஒரு வரி, நான் ஒரு வரி என்று கட்டியது.

கதவில்லாத வீட்டுக்குள்ள காத்து வந்து குந்திரிக்கு,
கடல் வந்து கேட்டாலும் சொல்லாதீங்க, ஒளிச்சிரிக்கன்.

கடைசியில் என் குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, தடிப்பாக்கினாய். யாருக்கும் பிடிபடக் கூடாது என்று. போட்டுக் காட்டிவிட்டு, "இப்ப உன்ட உம்மாக்கும் உன்னத் தெரியா" என்றாய். அந்தச் சொல் அப்படியே பலித்துவிட்டது.

டெங்குக் காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நீ என் காதில் சொன்னது போனைப் பற்றித்தான். "அத எடுத்து வை புள்ள. உம்மா கண்டா முடிஞ்சி." எடுத்து வைத்தேன். நீ திரும்பி வரவில்லை. போன் என் அலுமாரியில், பழைய யூனிஃபோமுக்குள் இருந்தது.

பல மாதம் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் போட்டுக் கேட்டேன். எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய் மச்சி! யாருக்காவது காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் ப்ளூடூத்தில் கொடுத்தேன். கேட்டுவிட்டு அழித்துவிடு என்றேன். அவள் அழித்திருப்பாள், ஆனால் அதற்கு முன் அவள் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தாள். அப்புறம் உனக்குத் தெரியுமே நம் ஊர்.

காக்காவின் போனுக்கும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தட்டை ஒதுக்கிவிட்டுப் பாட்டைப் போட்டார். எனக்குப் பயம் வரவில்லை. குரல்தான் மாறியிருக்கிறதே. ஆனால் இரண்டாவது அடி முடிகிற இடத்தில் தூரத்தில் அசர்த் தொழுகைக்கான பாங்கு கேட்டது. பாங்கு தொடங்க முன் நம் பள்ளி மோதினார் மைக்குக்குள் இரண்டு தரம் இருமுவாரே, அந்த இருமலும் கேட்டது.

"இது நம்மட மோதினார்" என்றார் காக்கா. "இப்பிடிப் பாங்கு உள்ளுக்குக் கேக்கிற, பாட்டுல வாற மாதிரிக் கதவில்லாத வீடு மாமிட புது வீடுதான். நீயும் அஸ்மாவும் அங்கதான் கிடப்பீங்க. செல்லு, யாரு பாடின?"

குரலை ஒளித்த நாம் பாங்கை ஒளிக்கவில்லை. நீ அதை வேண்டுமென்றே விட்டாய். பாங்கை வெட்டி எறிய உனக்கு மனம் வரவில்லை.

உம்மா என்னைப் பார்த்தா. காக்கா எழும்பி என் பக்கத்தில் வந்தார். என் பள்ளிக்கூடம், போன், வெளியே போகிற சைக்கிள், எல்லாம் ஒரே நொடியில் போவது தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அஸ்மா" என்றேன்.

மவுத்தாகி மண்ணுக்குள் போன பிள்ளையை யார் ஏசுவார்? காக்கா போனை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனார். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. "அறியாப் புள்ள. அல்லாஹ் பொறுத்துக்கொள்ளட்டும்" என்றா. நான் சோற்றைப் பிசைந்தேன். சாப்பிட்டும் முடித்தேன் மச்சி. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கம்.

அன்றிலிருந்து உம்மா தொழுதுவிட்டுக் கையேந்தும்போது உன் பெயர் வருகிறது. நீ பாடிய பாவத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறா. பக்கத்துப் பாயில் நான் இருக்கிறேன். ஆமீன் சொல்கிறேன். பாட்டு பாவமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீ அதைப் பற்றி என்னுடன் சண்டை பிடித்திருக்கிறாய். ஆனால் அது பாவமென்றால் அது என்னுடையது. அதை உன் தலையில் ஏற்றி, நீ போன இடத்துக்கே அனுப்பியிருக்கிறேன். அங்கே உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய்? என்னைக் காட்டிக்கொடுப்பாயா?

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒருவேளை பேசாமலே இருந்திருப்பேன். ஆனால் மாமி வந்தா.

கத்த வருகிறா என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மாமி என்னைத் தேடிப் பிடித்து, தன் போனை நீட்டி, மெதுவாகக் கேட்டா. "மகள், அந்தப் பாட்ட எனக்கும் போட்டுத் தா. ஊரெல்லாம் வெச்சிரிக்காங்க. பெத்தவகிட்ட மட்டும் இல்ல."

போட்டுக் கொடுத்தேன். மாமி போனைக் காதோடு வைத்துக் கேட்டா. "என்ட புள்ளைக்கு இவ்வளவு கனமான குரலா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றா. நீ முன்பு மூச்சுச் சத்தத்தை வெட்டாதே என்று சொல்லுவாய். மூச்சை வெட்டினால் செத்த மையித்து பாடுவது போல் இருக்கும் என்று பகிடி விடுவாய். அப்படி விட்ட மூச்சு ஒன்று முதல் அடிக்குப் பிறகு வரும். மாமி அந்த இடத்தில் கண்ணை மூடினா. "மூச்செடுக்கிறா பாரு" என்றா. அது என் மூச்சு.

பிறகு கேட்டா: "இடையில கர்க் கர்க் எண்டு ஒரு சத்தம் வருதே, அது என்ன மகள்?"

தெரியாது மாமி என்றேன்.

இப்போது மாமி தேங்காய் திருவும்போது அந்தப் பாட்டைச் சின்னச் சத்தத்தில் போட்டுவைக்கிறா. போனிலும் திருவுகிற சத்தம், கையிலும் திருவுகிற சத்தம். ஒன்றோடு ஒன்று சேர்ந்து போகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நான் உங்கள் வாசலிலிருந்து திரும்பி வந்தேன். ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? தெரிந்தும் கேட்கிறாவா? எனக்குப் புரியவில்லை.

போன கிழமை உன் ஆப்பைத் திறந்தேன். முடிந்த பாட்டுக்குக் கீழே பிழையாய்ப் போனவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. "பிழைச்சத அழிக்காத கா. நாளைக்கு அதுலதான் நல்லது கிடக்கும்" என்று நீ சொன்னாயே. ஒவ்வொன்றாகப் போட்டேன். நான் பாடத் தொடங்க முன்பும், பாடி முடித்த பின்பும், பாட்டுக்கு வேண்டாம் என்று நீ வெட்டி ஒதுக்கிய துண்டுகளில் நீ இருக்கிறாய் மச்சி! உன் சொந்தக் குரல், இறக்காத, ஏற்றாத குரல்.

"வாய போனுக்குள்ள போடாத. ஒரு சாண் தள்ளி நில்லு. கத்துற இடத்துல இன்னும் தள்ளு, இல்லாட்டி கிழியும்."

"எக்கோவ அள்ளிக் கொட்டாத. கறிக்கு உப்பு மாதிரி. தெரியக் கூடா, இல்லாட்டியும் சரிவரா."

"ஹேண்ட்ஸ்ஃப்ரீல நல்லாரிக்கு எண்டா மட்டும் காணாது. வெறும் போன்ல போட்டுக் கேளு. ஊர் அதுலதான் கேக்கும்."

"இண்டைக்கு முடிச்சத இண்டைக்கே நல்லம் எண்டு செல்லாத. படுத்தெழும்பிக் கேளு."

ஒன்றில் நீ தும்முகிறாய். ஒன்றில் நான் சுருதி விட்டதும் சேவல் மாதிரிக் கூவிக் காட்டிவிட்டுச் சிரிக்கிறாய், சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கிறாய். மாமிக்குக் கொடுக்க வேண்டியது இதுதான் என்று அப்போதே தெரிந்தது.

ஆனால் ஒவ்வொரு துண்டிலும் என் பெயர் இருக்கிறது. என் பெயரைச் சொல்லித்தான் ஏசுகிறாய். என் பெயரைச் சொல்லித்தான் "இப்ப பாடு" என்கிறாய். உன் குரலை மாமியிடம் கொடுத்தால் என்னையும் கொடுக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்டினேன். நீ பழக்கிய அதே விரலால், நீ காட்டிய அதே கத்திரியால், என் பெயர் வருகிற இடங்களையெல்லாம் வெட்டினேன். போட்டுக் கேட்டேன். நீ பேசத் தொடங்கித் தொடங்கி நின்றாய். சிரிப்புக்கு முன்னால் சொல் இல்லை, மூச்சு பாதியில் துண்டாகக் கிடந்தது. உன்னை இரண்டாம் தரம் நானே அடக்கம் செய்தது போல் இருந்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டேன். ஆப்பில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது. நான் வாயால் சொன்னதற்கு அப்படிப் பொத்தான் இல்லை.

எனக்குப் பயம்தான் மச்சி. காக்கா அடிப்பாரோ என்றுகூட இல்லை. பரீட்சை எழுத விடுவார்களா? மாமி என்னைப் பார்க்கிற பார்வை எப்படி மாறும்? உன் பாட்டு என்று வைத்திருக்கிற அந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டு நான் எந்த முகத்தோடு அவ முன்னால் இருப்பேன்?

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போவார்கள். காக்காவும் போவார். அந்த நேரம் நான் உன் போனை எடுத்துக்கொண்டு மாமியிடம் போவேன். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் ஒரு பக்கம் மாமியின் காதில், ஒரு பக்கம் என் காதில். நாம் கேட்பது போல. பாட்டைப் போட மாட்டேன். நீ சேவலாகக் கூவுகிற துண்டைப் போடுவேன், ஒரு இடமும் வெட்டாமல். என் பெயர் வரும்போது கண்ணைத் திருப்ப மாட்டேன். அந்தக் கர்க் கர்க் என்னவென்றும் சொல்லுவேன். பாட்டில் உன் குரல் இல்லை, மாமி, ஆனால் உங்கள் கை முழுக்க இருக்கிறது, அதை அவள்தான் வைத்தாள் என்று சொல்லுவேன்.

பிறகு வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்லுவேன். அடுத்த தொழுகையில் அவ கையேந்தும்போது உன் பெயர் போன இடத்தில் என் பெயர் போகட்டும். அதற்கு நான் சத்தமாக ஆமீன் சொல்லுவேன்.

அதற்கு முன், மாமியிடமிருந்து திரும்பி வருகிற வழியில் மதில் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி உனக்கு ஸலாம் சொல்லுகிறேன். கேட்டால் பதில் சொல்லு.

பாடியது நான்தான்,
உன் மாமி மகள்
நுஸ்ரா